சீட்டில் எழுதியிருப்பது தாலியம்: டிரெட்மில், சி.டி., அணு ஸ்கேன் – யாருக்கு எது?

காலை ஏழு மணிக்கு எங்கள் அணு மருத்துவப் பிரிவின் கதவைத் திறக்கும்போதே வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் பழைய இ.சி.ஜி. தாள்கள் திணித்த துணிக்கடைப் பை, கையில் டாக்டர் கொடுத்த சீட்டு. பாதிச் சீட்டுகளில் "தாலியம்" என்றுதான் எழுதியிருக்கும். இத்தனைக்கும் நாங்கள் தாலியத்தைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. இதயத் தசைக்கு ரத்தம் போய்ச் சேர்கிறதா என்று படமெடுக்க இப்போது ஊசியில் ஏற்றுவது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த செஸ்டமிபி என்ற மருந்து. தாலியம்-201-இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 73 மணி. டெக்னீசியத்துக்கு 6 மணி நேரம். உடம்பு வாங்கும் கதிர்வீச்சு குறைவு, படமும் தெளிவு. ஆனாலும் எந்த மெஷினில் நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்று சொல்வதுபோல, இந்த ஸ்கேனுக்குத் தாலியம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அண்மையில் ஒரு காலையில் இந்தச் சீட்டோடு மூன்று பேர் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். முதலாமவருக்கு 38 வயது, மென்பொருள் வேலை. நெஞ்சுவலி இல்லை, மூச்சிரைப்பு இல்லை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்த பயத்தில் முழு உடல் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். அங்கே யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்து ஓர் அம்மா, வயது 62. பதினைந்து வருடச் சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இ.சி.ஜி.யில் இடது மின்கடத்திக் கிளையில் தடை. மூன்றாமவர் எழுபதைத் தொட்ட பெரியவர். எட்டு வருடத்துக்கு முன் பைபாஸ் ஆனது; இப்போது சந்தைக்கு நடந்துபோனால் நெஞ்சு இறுக்குகிறது. சிறுநீரகமும் பலவீனம்: கிரியேட்டினின் 2.1.

மூன்று சீட்டிலும் ஒரே சொல். என் கணக்கில் இரண்டு சீட்டு சரி, ஒன்று தவறு. சரியான இரண்டிலும் ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்க முடியாது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் மற்ற பரிசோதனைகளோடு பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இதயப் பரிசோதனைகள் எத்தனை பெயரில் இருந்தாலும் அடிப்படையில் இரண்டு வகைதான். ஒன்று வாய்க்காலைப் பார்ப்பது, இன்னொன்று வயலைப் பார்ப்பது. சி.டி. ஆஞ்சியோகிராமும், கையிலோ தொடையிலோ குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராமும் வாய்க்காலைப் பார்க்கின்றன: எங்கே தூர் படிந்திருக்கிறது, எத்தனை சதவீதம் அடைபட்டிருக்கிறது. டிரெட்மில், ஸ்ட்ரெஸ் எக்கோ (இதயத்தை உழைக்க வைத்து எடுக்கும் ஒலி அலைப் படம்), அணு ஸ்கேன் மூன்றும் வயலைப் பார்க்கின்றன: வெயில் காலத்தில், அதாவது இதயம் கூடுதலாக உழைக்கும்போது, கடைமடை வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர்கிறதா. வாய்க்காலில் பாதித் தூர் இருந்தும் பயிர் பச்சையாக நிற்பது உண்டு. வாய்க்கால் பார்வைக்கு நன்றாக இருந்தும் கடைசிப் பாத்தி காய்வதும் உண்டு. எனவே சீட்டு எழுதுகிற டாக்டருக்கு எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதுதான் எதற்கு அனுப்புவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். நடைமுறையில் எந்த மெஷின் பக்கத்தில் இருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. அதை மறைத்துப் பயனில்லை.

மலிவானதில் இருந்து தொடங்குகிறேன். டிரெட்மில் பரிசோதனையை, அதாவது டி.எம்.டி.யை, இளக்காரமாகப் பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்து, ஆளும் வேகமாக நடக்கக்கூடியவராக இருந்தால், அந்த ஓடுபட்டை சொல்லும் செய்தி கொஞ்சநஞ்சமல்ல. புரூஸ் முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இல் இருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை நாடித்துடிப்பு எட்ட வேண்டும். இதை வைத்து டியூக் மதிப்பெண் என்று ஒரு கணக்கு இருக்கிறது. நடந்த நிமிடங்களில் இருந்து, இ.சி.ஜி.யில் எஸ்.டி. கோடு (ரத்தம் குறைந்தால் கீழே இறங்கும் பகுதி) இறங்கிய மில்லிமீட்டரை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். பிறகு வலிக்காக ஒரு கழித்தல்: வலி வந்தும் தொடர்ந்து நடந்தால் நான்கு, வலியால் நிறுத்த வேண்டி வந்தால் எட்டு. ஒன்பது நிமிடம் நடந்து, கோடும் இறங்காமல் வலியும் வராமல் முடித்தவருக்கு மதிப்பெண் +9. ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் ஆபத்து குறைவு. பெரும்பாலும் மாத்திரையும் நடைப்பயிற்சியும் போதும், என் கேமராவுக்கு அவரிடம் வேலை இல்லை. நான்கே நிமிடத்தில் வலியோடு நிறுத்தி, இரண்டு மில்லிமீட்டர் இறக்கமும் காட்டியவரைப் பாருங்கள்: நான்கில் இருந்து பத்தும் எட்டும் போனால் −14. −11-ஐயோ அதற்குக் கீழேயோ தொட்டவரை அணு ஸ்கேனுக்கு அனுப்பி நாள் கடத்துவது தவறு. அவர் நேராக ஆஞ்சியோகிராம் மேசைக்குப் போக வேண்டியவர். +4-க்கும் −10-க்கும் நடுவில் நிற்கிறவர்தான் "இன்னொரு சோதனை பார்க்கலாம்" என்ற சொல்லுக்கு உரியவர்.

டி.எம்.டி.க்கு ஓட்டைகளும் உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அடைப்பு உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 68 பேரைத்தான் அது பிடிக்கிறது. அணு ஸ்கேன் 85 பேர் அளவுக்குப் பிடிக்கும். பெண்களிடம் டி.எம்.டி. பொய்யாக "பாசிட்டிவ்" காட்டுவதும் அதிகம். சேலை கட்டிக்கொண்டு வந்து, வெறுங்காலோடு ஓடுபட்டையின் கம்பியை இறுகப் பிடித்தபடி மூன்று நிமிடத்தில் இறங்கிவிடும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாடித்துடிப்பு போதிய அளவு ஏறாமல் முடிந்த சோதனையை நார்மல் என்று எழுதுவது இதயத்துக்கும் நல்லதல்ல, தாளுக்கும் நல்லதல்ல. வரச் சொல்லும்போதே சுடிதாரும் பிடிமானமுள்ள செருப்பும் வேண்டும் என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இ.சி.ஜி.யைப் படிக்கவே முடியாதவர்களிடம்தான் டி.எம்.டி. முழுமையாகத் தோற்கிறது. இடது மின்கடத்திக் கிளைத் தடை, பேஸ்மேக்கர், டிகாக்சின் மாத்திரை, பல வருட ரத்த அழுத்தத்தால் தடித்துப்போன இதயத் தசை ஆகியவை இருந்தால் எஸ்.டி. கோடு ஏற்கெனவே கோணலாகத்தான் இருக்கும். நடக்க வைத்து அதில் எதைத் தேடுவது? நடக்கவே முடியாதவர்களும் இதே வரிசையில் வருகிறார்கள்: மூட்டுத் தேய்மானம், பக்கவாதம், காலில் ரத்த ஓட்டக் குறைவு. இந்த இரண்டு கூட்டமும்தான் அணு ஸ்கேனுக்கு அனுப்பப்படுவோரில் மிக நியாயமானவர்கள். நடக்க முடியாதவருக்கு அடினோசினோ ரெகாடெனோசனோ ஊசியில் செலுத்தி இதயக் குழாய்களை விரியச் செய்கிறோம். நல்ல குழாய் நன்றாக விரியும், அடைபட்ட குழாய் ஏற்கெனவே விரிந்து களைத்ததால் மேலும் விரியாது. இரண்டு பகுதிகளுக்கும் போகும் ரத்தத்தில் வித்தியாசம் தெரியும்.

அந்த வித்தியாசம் எப்படித் தெரியும் என்று எல்லோரும் கேட்பார்கள். இடது கீழறையைக் குறுக்கே துண்டு போட்டால் கணினித் திரையில் மெதுவடை போல வரும். நடுவில் ஓட்டை, சுற்றிலும் தசை. மேல் வரிசையில் ஸ்ட்ரெஸ் வடைகள், கீழ் வரிசையில் ஓய்வு வடைகள். இரண்டிலும் வடை முழுதாக இருந்தால் நிம்மதி: அப்படி நார்மலாக வருபவர்களில் அடுத்த ஒரு வருடத்தில் மாரடைப்போ இதய மரணமோ நேர்வது பொதுவாக நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மேல் வரிசையில் யாரோ ஓரத்தைக் கடித்ததுபோல இருந்து, கீழ் வரிசையில் முழுதாக இருந்தால் உழைக்கும்போது அந்தப் பகுதிக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள். இரண்டு வரிசையிலும் அதே இடத்தில் கடி இருந்தால் அது பழைய மாரடைப்பின் தழும்பு. கடி எவ்வளவு பெரிது என்பதையும் சதவீதமாகச் சொல்லலாம். டி.எம்.டி.யால் இதைச் சொல்ல முடியாது.

இப்போது அந்த 62 வயது அம்மாவிடம் வருகிறேன். அவரை அனுப்பியது சரி. ஆனால் சீட்டில் "டிரெட்மில் தாலியம்" என்று இருந்தது. இடது கிளைத் தடை உள்ளவரை நடக்க வைத்து ஸ்கேன் எடுத்தால், அடைப்பே இல்லாவிட்டாலும் இரு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பொய்க் கடி விழும். முழங்கால் நன்றாக இருந்திருந்தாலும் அவருக்கு மருந்து ஊசிதான் சரி. எங்கள் டாக்டர் போன் போட்டு மாற்றிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு ஆஸ்துமாவும் இருந்திருந்தால் அடினோசின் ஆபத்து, மூச்சுக்குழாய் இறுகிவிடும். மாற்றாக உள்ள டோபுடமினோ நாடித்துடிப்பை ஏற்றி அதே பொய்க் கடியைத் திரும்பக் கொண்டுவரும். அப்படி ஒருவர் வந்தால் அணு ஸ்கேனை மறந்துவிட்டு சி.டி. ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பலாம் என்பதுதான் நான் பார்த்த டாக்டர்களின் வழக்கம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

சி.டி.யா, அணு ஸ்கேனா என்பதுதான் இன்றைய உண்மையான போட்டி. புதிதாக நெஞ்சுவலி வந்தவர், இதய நோய் என்று இதுவரை பெயர் வாங்காதவர், வயது ஐம்பது ஐம்பத்தைந்து என்றால் நான் சி.டி. பக்கம்தான் சாய்வேன். சொந்தத் தொழிலுக்குத் துரோகம் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். ஸ்காட்லாந்தில் 4,146 பேரை வைத்து நடத்திய ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், வழக்கமான கவனிப்போடு சி.டி.யும் எடுத்தவர்களில் ஐந்து வருடத்தில் இதய நோய் மரணமோ மாரடைப்போ 2.3 சதவீதம், சி.டி. எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். காரணம் மெஷினின் மாயம் அல்ல. குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு இருப்பதை, அது அடைப்பாக மாறும் முன்பே சி.டி. காட்டிவிடுகிறது, கொழுப்பு குறைக்கும் மாத்திரை சீக்கிரம் தொடங்குகிறது. கடைமடைக்குத் தண்ணீர் குறைந்த பிறகுதான் என் கேமரா பேசும். வட அமெரிக்காவில் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய பிராமிஸ் ஆய்வோ சி.டி.யில் தொடங்கினாலும் ஸ்ட்ரெஸ் சோதனையில் தொடங்கினாலும் இரண்டு வருட முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்னது. எனவே புதிய நோயாளியிடம் சி.டி. கொஞ்சம் முந்துகிறது, அவ்வளவுதான்.

ஆனால் சி.டி. தடுக்கி விழும் இடங்கள் தெளிவானவை. குழாயில் சுண்ணாம்பு அதிகம் படிந்தால் அது படத்தில் வெள்ளையாகப் பரவி உள்ளே வழி இருக்கிறதா என்பதை மறைத்துவிடும். மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த ஸ்டென்டின் உள்ளே பார்ப்பது சிரமம். தாறுமாறான துடிப்பு இருந்தால் படம் ஆடும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அயோடின் கலந்த சாயம் கூடுதல் சுமை. மூன்றாமவரான பெரியவருக்கு இதில் பெரும்பாலானவை உண்டு: பைபாஸ், சுண்ணாம்பு, கிரியேட்டினின் 2.1. அணு ஸ்கேன் ஊசியில் உள்ள மருந்தின் அளவு மிக மிகச் சிறியது, சிறுநீரகத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. மேலும் அவரிடம் உள்ள கேள்வி "அடைப்பு இருக்கிறதா" என்பது அல்ல. இருக்கிறது என்று எட்டு வருடமாகத் தெரியும். எந்தச் சுவருக்கு இப்போது ரத்தம் குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்பதே கேள்வி. இந்தக் கேள்விக்காகவே செய்தது போன்றது அணு ஸ்கேன். பைபாஸ் ஆகி அறிகுறியே இல்லாவிட்டாலும் ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒருமுறை பார்ப்பதை நியாயம் என்று வழிகாட்டிகள் ஏற்கின்றன. ஸ்டென்ட் வைத்த ஆறாவது மாதம் "சும்மா செக் பண்ணிக்கொள்ளலாம்" என்று வருவதை ஏற்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. வடைப் படத்தில் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டுத்தான் கடி தெரிகிறது. மூன்று குழாய்களும் ஒரே அளவுக்கு அடைபட்டிருந்தாலோ, இடது பெருங்குழாயின் அடிவேரிலேயே அடைப்பு இருந்தாலோ வடை முழுவதும் சமமாக மங்கி, நல்ல வடை போலவே உட்கார்ந்திருக்கும். ஸ்ட்ரெஸ் படத்தில் கீழறை திடீரென்று பெரிதாகத் தெரிகிறதா, பம்ப் செய்யும் திறன் குறைகிறதா என்று பார்த்துத்தான் அதைப் பிடிக்க வேண்டும். ஓய்விலேயே வலி வருபவர், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறியவர், நாலு நாளாக வலி கூடிக்கொண்டே போகிறவர் யாரும் என் அறைக்கு வரக் கூடாது. அவர்களின் இடம் அவசர சிகிச்சைப் பிரிவு.

ஸ்ட்ரெஸ் எக்கோவைப் பற்றிச் சுருக்கமாக: கதிர்வீச்சு கிடையாது, விலையும் குறைவு, கைதேர்ந்தவர் செய்தால் அணு ஸ்கேனுக்கு நிகர். கைதேர்ந்தவர் என்பதுதான் சிக்கல். உடல் பருத்தவரிடமும் நுரையீரல் நோய் உள்ளவரிடமும் எக்கோவில் சுவர் சரியாகத் தெரியாது. எம்.ஆர்.ஐ. பெர்ஃப்யூஷன், அதாவது இதயத் தசையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ., இரண்டையும் விடத் தெளிவு, செய்யுமிடங்கள் குறைவு. இளம் வயதுப் பெண்ணுக்கு டி.எம்.டி. போதவில்லை என்றால் கதிர்வீச்சில்லாத இந்த இரண்டையும் முதலில் கேட்டுப் பாருங்கள்.

கதிர்வீச்சு எவ்வளவு என்று கேட்பதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள்; கேட்கலாம். ஓய்வு, ஸ்ட்ரெஸ் இரண்டும் எடுத்தால் ஏறக்குறைய 10 மில்லிசீவர்ட். நவீன சி.டி. ஆஞ்சியோவில் பெரும்பாலும் அதில் பாதியோ அதற்கும் குறைவோ. மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் உலகில் ஒருவர் வருடத்துக்கு வாங்குவது சராசரியாக 2.4. எழுபது வயதுக்காரருக்கு இந்தப் பத்து ஒரு பொருட்டில்லை. முப்பத்தெட்டு வயதுக்காரருக்குக் காரணமில்லாமல் ஏன் கொடுக்க வேண்டும்?

ஆம், முதலாமவர். அறிகுறி இல்லாதவரிடம் நோய் இருக்கும் வாய்ப்பே மிகக் குறைவு. அங்கே "பாசிட்டிவ்" வந்தால் அது பொய்யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆண்களுக்கு உதரவிதானம் கீழ்ச் சுவரில் நிழல் விழவைக்கும், பெண்களுக்கு மார்பகம் முன்சுவரில் விழவைக்கும். நிழலை அடைப்பு என்று படித்தால் அடுத்தது தேவையில்லாத ஆஞ்சியோகிராம். சர்க்கரை நோயாளிகளிடம்கூட இப்படி வலைவீசித் தேடுவதில் பயன் தெரியவில்லை. 2009-இல் வெளியான டயாட் ஆய்வில், அறிகுறியில்லாத 1,123 சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்கு அணு ஸ்கேன் எடுத்தார்கள், பாதிப் பேருக்கு எடுக்கவில்லை. மாரடைப்பிலும் மரணத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த இளைஞரை எங்கள் டாக்டர் உட்கார வைத்துப் பேசி, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லி அனுப்பினார். பரிசோதனைக் கட்டணம் கட்டியாயிற்றே என்றுதான் அவர் வருத்தப்பட்டார். பணம் திரும்பக் கிடைத்தது.

வேண்டாதவருக்கு எழுதுவதைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, வேண்டியவருக்கு எழுதாமல் விடுவதைச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. 1987-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அணு ஸ்கேன் கோளாறாக வந்த ஆண்களில் 40 சதவீதம் பேரை ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பியிருந்தார்கள். பெண்களில் 4 சதவீதம் பேரை. காலம் மாறியிருக்கிறது. ஆனாலும் மூச்சிரைப்பை, அசதியை, தாடை வலியை "வாயுத் தொல்லை" என்று பெயரிட்டு இரண்டு வருடம் மருந்துக்கடை மாத்திரையில் ஓட்டிவிட்டு வரும் அம்மாக்கள் எங்கள் வாசலில் இன்றும் உண்டு. சர்க்கரை உள்ள பெண்ணுக்கு மூச்சிரைப்பே நெஞ்சுவலிக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டு சோதனை கேட்பதில் தவறே இல்லை.

ஸ்கேனில் பெரிய கடி வந்துவிட்டால் உடனே ஸ்டென்ட் என்ற காலமும் மாறிவிட்டது. இதயத் தசையில் பத்து சதவீதத்துக்கு மேல் ரத்தக் குறைவு என்றால் அடைப்பை நீக்குவதே நல்லது என்று நெடுநாள் நம்பினோம். 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் 37 நாடுகளில் இருந்து, இந்தியாவும் சேர்த்து, 5,179 பேர் இருந்தார்கள். மிதமான அல்லது தீவிரமான ரத்தக் குறைவு உள்ளவர்களில் முதலிலேயே ஆஞ்சியோகிராம் செய்து ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும், மருந்தில் தொடங்கியவர்களுக்கும் இடையே மாரடைப்பிலும் மரணத்திலும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வலி இருந்தவர்களுக்கு ஸ்டென்டால் வலி நன்றாகக் குறைந்தது. இடது பெருங்குழாய் அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பழைய மாரடைப்பில் பலவீனமான தசை உயிரோடு இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்து ஸ்டென்ட் வைப்பதும் அப்படித்தான்: 2022-இல் வெளியான ரிவைவ்ட் ஆய்வில் 700 பேரிடம் மருந்தை விடக் கூடுதல் பயன் தெரியவில்லை. "உயிருள்ள தசையா பாருங்கள்" என்ற சீட்டுகள் அதற்குப் பிறகும் வருகின்றன. பைபாஸ் செய்யலாமா என்று தடுமாறும் அறுவை மருத்துவருக்கு அந்தப் படம் உதவும் என்பது உண்மை; எல்லோருக்கும் எழுதுவது பழக்கதோஷம்.

அடைப்போடு தொடர்பில்லாத இரண்டு சீட்டுகளுக்கு மட்டும் போட்டியாளர் மிகக் குறைவு. வயதானவருக்கு இதயச் சுவர் காரணமில்லாமல் தடித்து, அமிலாய்டு என்ற புரதப் படிவு என்று சந்தேகம் வந்தால், டெக்னீசியம் பைரோபாஸ்பேட் ஸ்கேனும் கூடவே சில ரத்த, சிறுநீர்ச் சோதனைகளும் சேர்ந்து பலருக்குத் தசையைக் கிள்ளி எடுக்கும் பயாப்சியைத் தவிர்த்துவிடும். இதயத்தில் சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் என்று சந்தேகம் வந்தால் எஃப்.டி.ஜி. பெட், அதாவது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி எடுக்கும் ஸ்கேன். அதற்கு முந்தைய நாளெல்லாம் மாவுச்சத்தே கூடாது. இட்லி, தோசை, சோறு, சப்பாத்தி எல்லாவற்றுக்கும் விடுமுறை. முட்டையும் பனீரும் மீனும் தின்று வரச் சொன்னால், "ஒரு வாய் ரசம் சாதமாவது?" என்று கேட்காதவர் இதுவரை இல்லை. அந்த ஒரு வாய் போதும், இதயம் சர்க்கரையைக் குடித்து முழுதாக ஒளிர்ந்து படத்தைக் கெடுத்துவிடும்.

அன்று எங்கள் 62 வயது அம்மாவுக்குச் சீட்டு திருத்தியாயிற்று, ஆஸ்துமா இல்லை என்று உறுதி செய்தாயிற்று, கையில் ஊசி ஏற்ற நரம்பும் கிடைத்தது. கடைசியாக வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: நேற்று மதியத்தில் இருந்து டீ, காபி, சாக்லேட் எதுவும் எடுக்கவில்லையே, அம்மா?

"காலை நாலரைக்கு ஒரே ஒரு டம்ளர் காபி மட்டும்தான், தம்பி. அது இல்லாமல் பஸ் ஏற முடியாது" என்றார்.

அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் காபி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். குழாய் விரியாது, அடைப்பு இருந்தாலும் வடை முழுதாகத் தெரியும். ஓய்வுப் படத்தை மட்டும் அன்று எடுத்துக்கொண்டு, ஸ்ட்ரெஸ் படத்துக்கு மறுநாள் ஏழு மணிக்கு வரச் சொன்னோம். சீட்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் "காபி கூடாது" என்று எழுதி மகளின் கையில் கொடுத்தேன்.